நகரத்துக் குடும்பங்களும் நமது வயல்களும்

நகரத்தில் வாழும் மக்கள் ஓய்வு நாளில் கட்டுச்சோற்றுடன் கிராமப்புறத்தை நாடி வருவது நம் நாட்டிற்குப் புதிய வழக்கமன்று. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்கும், காணும் பொங்கலன்று ஏரிக்கரைக்கும் தோப்பிற்கும் குடும்பம் குடும்பமாகச் செல்லுதல் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. தெலுங்கு பேசும் மக்கள் கார்த்திகை மாதத்தில் தோப்பிற்குச் சென்று, நெல்லி மரத்தடியில் கூடி உண்ணும் வனபோஜனத்தை ஆந்திர எல்லையை ஒட்டி வாழும் நாம் நன்கு அறிவோம். ஆடி மாதத்தில் ஆரணியாற்றங்கரையிலுள்ள பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குத் திரளும் சென்னை மக்களும், ஒருவகையில், கிராமத்திற்கு ஒரு நாள் விருந்தினராக வருபவர்களே.

இக்காலத்தில் புதிதாகத் தோன்றியுள்ளது யாதெனில், வயலையும் உழவையும் காண்பதற்கென்றே குடும்பங்கள் பொருள் செலவிட்டு வருவதாகும். இதனை வேளாண் சுற்றுலா என வழங்குகின்றனர். நெற்பயிரைப் படத்தில் மட்டும் கண்ட குழந்தைகள் அதனைக் கையால் தொட்டறிய வேண்டும் என்று பெற்றோர் விரும்புகின்றனர். இவ்விருப்பம் நல்லது. ஆனால் இதனால் யாருக்கு நன்மை, எவ்வளவு நன்மை, எந்த ஒழுங்கினால் நன்மை என்பவற்றை ஊரார் தாமே எண்ணி முடிவு செய்ய வேண்டும். அவர்கள் எண்ணாவிடின் வேறு யாரேனும் அவர்களுக்காக எண்ணிவிடுவர். ஆதலின் திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள தேர்வாய் கண்டிகையையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஈண்டு ஆராய்வோம்.

1. இவ்வட்டாரத்தின் நிலை

சென்னையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தேர்வாய் கண்டிகை கடந்த சில ஆண்டுகளில் இரு பெரும் மாறுதல்களைக் கண்டது. முதலாவது, தொழிற்பூங்கா. சிப்காட் நிறுவனம் இங்கு 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தொழிற்பூங்கா அமைத்தது. பிரெஞ்சு நாட்டு டயர் நிறுவனமாகிய மிஷெலின் 2009ஆம் ஆண்டில் மாநில அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, இங்கே தொழிற்சாலை நிறுவிற்று. கால்நடை மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தாங்கள் நம்பியிருந்த காட்டு நிலம் போகின்றதே என்று ஊரார் பலர் முறையிட்டுப் போராடியதும் வரலாறு.

இரண்டாவது, நீர்த்தேக்கம். கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்துப் பெருங்கரை எழுப்பி அமைக்கப்பட்ட இந்நீர்த்தேக்கம் 2020ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. செலவு 380 கோடி ரூபாய். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கிற்கும் அடுத்து, சென்னையின் குடிநீருக்கெனச் சேர்ந்த ஐந்தாவது நீர்த்தேக்கம் இதுவே. கண்டலேறு–பூண்டிக் கால்வாய் வழியாக வரும் கிருஷ்ணா நீரும் இதனை வந்தடையும். இதன் பொருட்டும் உழவர்களின் பட்டா நிலங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன.

500 மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 1,415 கோடி லிட்டர். நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவிடும் குடும்பங்கள் ஒரு லட்சம் எனக் கொண்டால், ஆவியாகும் நீரைக் கழிக்காமல் கணக்கிடுமிடத்து, அது 283 நாட்களுக்குப் போதும். சென்னையில் குழாயைத் திறக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் இந்த ஊர்ப்பெயரைக் கேட்டிருப்பர்? நிலம் கொடுத்த ஊரும் நீர் குடிக்கும் நகரமும் ஒன்றையொன்று அறியாதிருத்தல் இரண்டிற்கும் நல்லதன்று. குடும்பங்கள் ஒரு நாள் வந்து காண்பதால் முதலில் உண்டாகக்கூடிய நன்மை இவ்வறிமுகமே.

இரண்டாம் நன்மை வருவாய். தொழிற்சாலையும் மனை வணிகமும் நெருங்கிய இடத்தில் நிலத்தின் விலை ஏறும்; பயிரின் விலை அவ்வாறு ஏறுவதில்லை. ‘உழுது என்ன கண்டோம்?’ என்று எண்ணும் உழவர் நிலத்தை விற்றுவிடுகிறார். விளைச்சலோடு சேர்ந்து வரும் சிறு துணை வருவாய், நிலத்தை வைத்திருப்பதற்கு மேலும் ஒரு காரணமாகலாம். எனினும் துணை வருவாய் துணையாகவே நிற்க வேண்டும். ஊடுபயிரை நாம் வைக்கும் முறையை நினைவிற் கொள்க. முதற்பயிரை நெருக்கி அதன் உணவைப் பறிக்கும் ஊடுபயிரை அறிவுள்ள உழவர் எவரும் விதைப்பதில்லை. விருந்தினர் வருகையும் இத்தகைய ஊடுபயிரே. உழவே முதற்பயிர். இக்கட்டுரையின் சாரம் இதுவாகும்.

2. பிற இடங்களில் கண்ட வழி

மகாராஷ்டிர மாநிலத்துப் பாராமதிப் பகுதியில் பாண்டுரங்க தாவரே என்பார் 2005ஆம் ஆண்டில் வேளாண் சுற்றுலா அமைப்பொன்றைத் தொடங்கினார். பூனா, பம்பாய் நகரங்களிலிருந்து குடும்பங்கள் வந்து, உழவரின் வீட்டு உணவை உண்டு, மாட்டு வண்டியில் சென்று, தோட்டத்தைக் கண்டு திரும்பலாயின. குளிர்காலத்தில் இளஞ்சோளக் கதிரைத் தணலில் வாட்டி, கையால் கசக்கி உதிர்த்து உண்ணும் ‘ஹுர்டா’ அந்நாட்டு உழவர்களின் பழைய வழக்கம். அதனையே இப்பொழுது நகரத்தார் பொருள் கொடுத்து உண்ண வருகின்றனர். 2020ஆம் ஆண்டில் அம்மாநில அரசு வேளாண் சுற்றுலாவிற்கெனத் தனிக் கொள்கையும் வகுத்தது. புதிதாக ஒன்றையும் கட்டாமல், அந்தப் பருவத்தில் அவ்வூரில் இயல்பாக நடப்பதையே விருந்தாக்கினர் என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

இத்தாலி நாடு 1985ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் இயற்றிற்று. விருந்தினரை ஏற்கும் தொழில் உழவுத் தொழிலோடு இணைந்ததாகவும் அதற்குத் துணையானதாகவும் இருத்தல் வேண்டும். உழவே முதன்மைத் தொழிலாக நிலைத்திருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. ஊடுபயிர் பற்றி நாம் கூறியதை அவர்கள் சட்டமாகவே எழுதிவைத்தனர்.

ஜப்பானில் இலையுதிர் காலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு முற்றியதும், சிறு குழந்தைகளை வயலுக்கு அழைத்துச் சென்று கிழங்கைத் தோண்டச் செய்வர். தான் தோண்டிய கிழங்கைக் குழந்தை வீட்டிற்கு எடுத்துச் செல்லும்.

நம் நாட்டில், செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் உழவர்கள் பறவைகளை நெடுங்காலமாகப் பாதுகாத்து வந்தனர். பறவைகளைச் சுடலாகாது என்ற உரிமையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயக் கலெக்டரிடமிருந்து எழுத்து மூலம் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் அவர்கள் வயலுக்கு உரமாயிற்று. இன்று ஆண்டுதோறும் குளிர்காலத்தில் எண்ணற்ற குடும்பங்கள் அங்கு வருகின்றன. பறவையைக் காத்தது வேடிக்கை காட்டுவதற்காக அன்று, தங்கள் பயிருக்காக. காட்சி பின்னர் தானே வந்து சேர்ந்தது.

3. நமது பருவம் வேறு

மேல்நாடுகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்கள் இலையுதிர் பருவமாகும். பூசணியும் ஆப்பிளும் அறுவடையாகும் அம்மாதங்களில் குடும்பங்கள் பண்ணைகளுக்குச் செல்லும். அதைப் பார்த்து நாமும் அதே மாதங்களில் விருந்தினரை அழைக்கத் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். நம் நாட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கும். ஆகவே மாதந்தோறும் நமது நிலத்தில் என்ன நடக்கின்றது என்பதைக் கண்டு அதற்கேற்பத் திட்டமிடல் வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என நெற்பருவம் மூன்று. விருந்தினருக்குரிய மாதங்கள் பெரும்பாலும் சம்பாப் பருவத்தில் அடங்கும்.

புரட்டாசி: சம்பா நாற்று நடவு நடைபெறும் காலம். மானாவாரி வேர்க்கடலை பிடுங்கும் காலமும் இதுவே. மழைக்கு முன் வானம் பெரும்பாலும் வெளிவாங்கியிருக்கும். காலை வேளையில் குடும்பங்களை அழைக்கலாம்.

ஐப்பசி: பெருமழைக் காலம். வரப்பு வழுக்கும், ஓடைகளில் திடீரென வெள்ளம் வரும், உழவருக்கும் வயலில் வேலை மிகுதி. இம்மாதத்தில் விருந்தினரை அழையாதிருத்தலே நலம்.

கார்த்திகை: மழை விட்ட நாட்களில் ஏரிகள் நிரம்பி, மடைகளில் நீர் ஓடும். வனபோஜனத்திற்கு ஏற்ற காலம். ஆனால் புயற்சின்னம் உருவாகும் மாதமும் இதுவாதலின், வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைக் கேட்டே நாளை உறுதி செய்ய வேண்டும்.

மார்கழி: நெற்கதிர் முற்றும் காலம். வாசல்தோறும் கோலமிடும் மாதம். வலசைப் பறவைகள் நீர்நிலைகளில் தங்கியிருக்கும்.

தை: அறுவடை. போரடிப்பதும் தூற்றுவதும் இன்று பெரும்பாலும் இயந்திரத்தால் நடைபெறினும், அறுத்த நெல்லைக் களத்தில் காண்பது குழந்தைகளுக்கு மறவாத கல்வியாகும். காணும் பொங்கலன்று அழையாமலே கூட்டம் வரும். ஒழுங்கு இல்லாத கூட்டத்தால் குப்பையே மிஞ்சும் என்பதை ஏரிக்கரை ஊர்கள் நன்கறியும்.

4. எதைக் காட்டுவது?

காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். நாள்தோறும் காண்பது நமக்குச் சிறிதாகத் தோன்றுவது இயல்பு. ஓர் ஏரியை எடுத்துக்கொள்க. வரத்துக்கால் வழியே நீர் வருகின்றது; கரை அதனைத் தாங்குகின்றது; மதகு அளந்து விடுகின்றது; மிகுந்த நீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்கின்றது. ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டியின் கடமை என்ன? கடைமடைக்கு நீர் எட்டாவிடின் ஊரில் என்ன நேரும்? இவற்றை முதிய உழவர் ஒருவர் மதகின் அருகில் நின்று அரை மணி நேரம் விளக்குவாராயின், பட்டணத்துப் பிள்ளைகள் புத்தகத்தில் பெறாத கல்வியைப் பெறுவர்.

நெல்லைப் பற்றியும் சொல்வதற்கு உண்டு. நமது மாவட்டத்துத் திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. டி.கே.எம். என்று தொடங்கும் நெல் இரகங்கள் யாவும் திரூர்க்குப்பம் என்ற ஊர்ப்பெயரைத் தாங்கியவை. குருத்துப்பூச்சியைத் தாங்கும் டி.கே.எம். 6 என்னும் இரகத்தைப் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு பெற்றோராகக் கொண்டு ஐ.ஆர். 20 இரகத்தை உருவாக்கினர். ஐ.ஆர். 20 அரிசியை உண்டு வளர்ந்த பெற்றோர்கள் இதனைக் கேட்டு வியப்பர். நம் பிள்ளைகளும் தம் மாவட்டத்தின் பெருமையை உணர்வர்.

வேர்க்கடலைச் செடியை ஈர மண்ணிலிருந்து தன் கையால் பிடுங்கி, வேரருகே தொங்கும் காய்களைக் காணும் குழந்தைக்குத் தனியாக வேறொரு வேடிக்கை தேவையில்லை. பூ மேலே பூக்கின்றது, காய் மண்ணுக்குள் காய்க்கின்றது என்பதே அதற்குப் பெரிய வியப்பு. பிடுங்கிய கடலையை அங்கேயே வேகவைத்துக் கொடுக்கலாம். மீதியை எடை போட்டு விற்கலாம்.

சற்றுத் தொலைவு செல்ல விரும்புவோர்க்கு இரு வழிகள் உண்டு. தென்மேற்கே, 1944ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டு, சென்னை மேயராக விளங்கிய சத்தியமூர்த்தி அவர்களின் பெயர் தாங்கி நிற்கும் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கின்றது. அதன் அருகே அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என அறிஞர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் உண்டு. கிழக்கே, பழவேற்காடு ஏரி. ஒரிசாவின் சிலிகாவிற்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. குளிர்காலத்தில் பூநாரைகள் இங்கு வந்து தங்கும். டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் எச்சமும் கல்லறைகளும் உள்ளன. ஒரே நாளில் அனைத்தையும் காட்ட முயன்றால் விருந்தினர் வண்டியிலேயே நாளைக் கழிப்பர். கிராமத்திற்கும் ஒன்றும் கிடையாது. முற்பகல் வயலிலும் ஊரிலும், பிற்பகல் இவ்விரண்டில் ஒரு வழியும் என அமைத்தலே தக்கது.

5. யார் வருவார்கள்?

சென்னையிலிருந்து வருவோரை மட்டும் எண்ணியிருத்தல் வேண்டா. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பூங்காவிலும் பணிபுரியும் தொழிலாளர் குடும்பங்கள் அருகிலேயே வாழ்கின்றன. வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்களுள் பலர். வார ஓய்வு நாளில் செல்வதற்கு இடமின்றி இருப்போரும் உண்டு. அவர்கள் முதல் விருந்தினராக வருவாராயின், தொழிற்சாலைக்கும் ஊருக்கும் இடையே உள்ள தூரமும் குறையும். அடுத்துப் பள்ளிப் பிள்ளைகள். அதற்கடுத்தே நகரத்துக் குடும்பங்கள். அவர்களுக்குச் சென்னை–கும்மிடிப்பூண்டி புறநகர் மின்சார ரயில் வசதி இருக்கின்றது; நிலையத்திலிருந்து ஊருக்கு வண்டி ஏற்பாடு செய்தால் போதும்.

6. வரவும் செலவும்

கணக்கைத் தெளிவாக எழுதிப் பார்க்காமல் எத்தொழிலையும் தொடங்கலாகாது. கீழ்க்காணும் எண்கள் பழக்கத்திற்காக எடுத்துக்கொண்டவையே. உங்கள் ஊரின் விலைவாசிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு 40 பேர் வருவதாகக் கொள்வோம். பெரியவர் 24; சிறுவர் 16. பெரியவருக்கு 300 ரூபாயும் சிறுவருக்கு 150 ரூபாயும் வாங்கினால், 7,200 ரூபாயும் 2,400 ரூபாயும் சேர்ந்து மொத்த வரவு 9,600 ரூபாய்.

இதனைப் பங்கிடும் முறை:
உணவு சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவிற்கு, பொருளும் கூலியும் சேர்த்து, ஆள் ஒன்றுக்கு 120 வீதம் — 4,800 ரூபாய்.
வழிகாட்டிகள் இருவருக்கு — 1,200 ரூபாய்.
வயல் உரிமையாளருக்கு — 1,200 ரூபாய்.
மாட்டு வண்டிக்கு — 800 ரூபாய்.
குடிநீர், கழிப்பிடம், துப்புரவு — 640 ரூபாய்.
ஊர்ப் பொது நிதிக்குப் பத்தில் ஒரு பங்கு — 960 ரூபாய்.
ஆக மொத்தம் 9,600 ரூபாய்.

இக்கணக்கில் இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, நிலமுடையவருக்குச் செல்வது எட்டில் ஒரு பங்கே. பெரும்பகுதி நிலமற்றோர் கைக்குச் செல்லும்படி பங்கீடு அமைந்துள்ளது. இது வேண்டுமென்றே செய்தது. மேய்ச்சல் நிலமும் காடும் சுருங்கும் இடங்களில் முதலில் இழப்பவர், பட்டா நிலமின்றி ஆடு மாடு வளர்த்தும் கூலி வேலை செய்தும் பிழைத்தவரே. அவர்களுக்கு இழப்பீட்டுத் தொகையும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. விருந்தினர் வருகையிலும் அவர்கள் விடுபட்டால் ஊரில் மனக்கசப்பே வளரும். ஆகவே வண்டியோட்டுபவர், வழிகாட்டுபவர், சமைப்பவர் ஆகியோரை எல்லாத் தெருக்களிலிருந்தும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஊர்த் தெருவோடு நின்று குடியிருப்புப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போகும் வழி, நல்ல வழியாகாது. சமையற்குழுவிலும் சாதி பார்த்தல் கூடாது. அதனை ஏற்காத விருந்தினர் நமக்கு வேண்டா.

இரண்டாவது, விளைபொருள் விற்பனை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. உழவருக்குரிய உண்மையான ஆதாயம் அதில்தான் இருக்கின்றது. திரும்பும் வேளையில் அரிசி, வேர்க்கடலை, காய்கறி, பூ, நாட்டுக்கோழி முட்டை முதலியவற்றை இடைத்தரகரின்றி விற்கலாம். 1999ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் உழவர் நகரத்திற்குச் சென்று நேரடியாக விற்கின்றார். இங்கே நகரம் உழவரைத் தேடி வருகின்றது. ஒரு முறை வாங்கிய குடும்பம் நம்பிக்கை கொண்டால் அடுத்த அறுவடைக்கும் அதே உழவரைத் தேடி வரும். ஆதலின் எடை சரியாகவும் விலை எழுதிவைத்ததாகவும் இருத்தல் வேண்டும். உணவு விற்கும் குழுவினர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வதும் கடமையாகும்.

7. ஆபத்தும் காப்பும்

விருந்துக்கு அழைத்தவர் விருந்தினரின் உயிருக்கும் பொறுப்பாளி. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் வந்த குடும்பத்தினர் ஏறிச்சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். இத்துயரத்தை எந்த ஊராட்சியும் மறத்தலாகாது. பின்வரும் விதிகளை எழுதி, ஊர் நுழைவாயிலில் யாவரும் காணுமாறு வைத்தல் வேண்டும்.

(அ) ஏரியிலும் நீர்த்தேக்கத்திலும் குளிப்பதற்கு எவரையும் விடலாகாது. நீர் நிறைந்த ஏரியில் மண் எடுத்த பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியா. நீர்வளத் துறையின் அனுமதியின்றி நீர்த்தேக்கக் கரைக்கு அழைத்துச் செல்லவும் கூடாது.

(ஆ) உயிர்காப்புச் சட்டையும் அனுமதியும் இல்லாத படகில் ஏற்றலாகாது.

(இ) கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு, மின் மோட்டார்க் கொட்டகை ஆகியவற்றின் அருகே குழந்தைகள் செல்லாதவாறு கயிறு கட்டித் தடுத்தல் வேண்டும்.

(ஈ) பூச்சிமருந்து தெளித்த வயலுக்குள், மருந்துச் சீட்டில் குறித்துள்ள நாட்கள் கழியும்வரை, எவரையும் அழைத்துச் செல்லலாகாது.

(உ) மழைக்காலத்தில் வரப்பிலும் வைக்கோற்போரிலும் பாம்பு இருக்கும். வழிகாட்டி முன்னே செல்ல, மற்றவர் பின்தொடர வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப்போடுதல், கீறுதல், உறிஞ்சுதல் எதுவும் செய்யாமல், கடியுண்டவரை அசையாமல் இருத்தி, 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

(ஊ) இடி மின்னல் தோன்றின் திறந்த வயலிலும் தனி மரத்தடியிலும் நிற்றல் ஆகாது.

(எ) 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டுள்ளன. விருந்து வாழையிலையிலும், நீர் மண்பானையிலும் இருக்கட்டும்.

(ஏ) மதுவிற்கும் ஒலிபெருக்கிக்கும் இடமில்லை. வயலில் வேலை செய்யும் பெண்களையும் பிறர் குழந்தைகளையும் இசைவின்றிப் படம் பிடித்தலும் கூடாது. நாற்று நடும் தாய்மார் தம் வேலையைச் செய்கின்றனர். அவர்கள் காட்சிப் பொருள் அல்லர்.

8. கிராம சபையின் பொறுப்பு

இவ்வேற்பாட்டைத் தனி ஒருவர் தொடங்கினால் ஆதாயம் அவருக்கும் தொல்லை ஊருக்கும் ஆகும். ஆதலின் கிராம சபையில் வைத்து முடிவு செய்வதே முறை. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு நான்கு நாட்களில் நடைபெற்று வந்த கிராம சபை, 2022ஆம் ஆண்டு முதல் உலக நீர் நாளாகிய மார்ச் 22, உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறு நாட்களுக்கு என வகுக்கப்பட்டது. அக்டோபர் 2ஆம் நாள் கூட்டத்தில் திட்டத்தை எடுத்துரைத்து, நவம்பர் 1ஆம் நாள் கூட்டத்தில் விதிகளை ஏற்று, மார்கழியில் முதல் விருந்தினரை அழைத்து, ஜனவரி 26ஆம் நாள் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைப் படித்துக் காட்டினால், ஒரு பருவத்தின் படிப்பினை ஊரார் அனைவருக்கும் தெரிந்ததாகிவிடும்.

தீர்மானத்தில் இடம்பெற வேண்டியவை நான்கு. ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு மேல் அனுமதியில்லை என்ற வரம்பு, கட்டணமும் பங்கீடும், செல்லும் வழியும் செல்லலாகாத இடங்களும், பொது நிதியைச் செலவிடும் முறை. பொது நிதியை வரத்துக்கால் தூர் எடுத்தல், கரையில் பனை நடுதல், மேய்ச்சலுக்கு எஞ்சிய புறம்போக்கைக் காத்தல் போன்றவற்றுக்கே செலவிடுவது சாலச் சிறந்தது. விருந்தினரின் பணம் அவர்கள் காண வந்த ஏரிக்கே திரும்பிச் செல்லட்டும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதுவே மிக முக்கியமானது. கூட்டம் பெருகத் தொடங்கியதும், ‘இங்கே உல்லாச விடுதி கட்டுகிறோம், நிலம் கொடுங்கள்’ என்று கேட்போர் வருவர். நன்செய் நிலத்தில் விடுதியும், ஏரிப் புறம்போக்கில் வண்டி நிறுத்துமிடமும் எழுந்துவிட்டால், பின்னர் வருபவர் காண்பதற்கு வயல் எங்கே இருக்கும்? ஊடுபயிர் முதற்பயிரைத் தின்றுவிட்ட கதையாக அது முடியும். இக்காரியத்திற்காக நன்செய் நிலத்திலோ நீர்நிலைப் புறம்போக்கிலோ நிலையான கட்டடம் எதனையும் எழுப்புவதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானம் செய்துகொள்ளுதல் அறிவுடைமையாகும். பந்தலும், மரநிழலும், தூய்மையான கழிப்பிடமும் ஒரு நாள் விருந்திற்குப் போதும்.

காட்டையும் நிலத்தையும் நீரையும் பிறர்க்களித்த வட்டாரம் இது. அளித்ததைத் திரும்பப் பெற இயலாதெனினும், எஞ்சியிருக்கும் வயலையும் ஏரியையும் மதிப்போடு காத்துக்கொள்ள இயலும். தன் தட்டிலுள்ள சோறும் தன் குவளையிலுள்ள நீரும் எவ்வூரிலிருந்து வந்தன என்பதை அறிந்து திரும்பும் குழந்தை, நாளை வளர்ந்து அதிகாரியாகவோ பொறியாளராகவோ ஆகும்போது, வரைபடத்தில் இவ்வூரை வெற்றிடமாகக் காணாது. அத்தகைய குழந்தைகளை ஆண்டுக்குச் சில நூறு பேர் வீதம் உருவாக்குவதும் கிராம அபிவிருத்திப் பணியேயாகும்.

ஊராட்சி மன்றங்களிலும் உழவர் குழுக்களிலும் ஆராய்வதற்கான வினாக்கள்

1. உங்கள் ஊரில் புரட்டாசி முதல் தை வரை மாதந்தோறும் நடைபெறும் பயிர்த்தொழில்கள் யாவை? அவற்றுள் வேலைக்கு இடையூறின்றிக் காட்டத்தக்கவை எவை?

2. ஒரே நாளில் எத்தனை பேர் வந்தால் உங்கள் ஊரின் குடிநீரும் கழிப்பிடமும் தாங்கும்?

3. மேலே கண்ட பங்கீட்டை உங்கள் ஊருக்கு ஏற்றவாறு மாற்றி எழுதுக. நிலமற்ற குடும்பங்களுக்குச் சேரும் பங்கு எவ்வளவு?

4. உங்கள் ஏரியின் வரத்துக்கால், மதகு, கலங்கல் ஆகியவற்றின் இன்றைய நிலை யாது? விருந்தினரை அழைப்பதற்கு முன் எதைச் சீர்செய்தல் வேண்டும்?

5. விடுதி கட்ட நிலம் கேட்டு ஒருவர் வந்தால் கிராம சபை அவருக்குச் சொல்ல வேண்டிய விடை யாது?